பாவம் ஓரிடம், பழி அப்டேட் மேல்

"அப்டேட் போட்டதுலதான் கெட்டுப்போச்சு. ஆட்டோ அப்டேட்டை ஆஃப் பண்ணிருங்க, அப்புறம் தொல்லையே இருக்காது." வீட்டு நெட் அடிக்கடி கட் ஆகிறது என்று ராஜபாளையத்து செல்போன் கடையில் சொல்லிப் பாருங்கள், ஸ்ரீவில்லிபுத்தூரில் கேமரா மாட்டுகிறவரிடம் சொல்லிப் பாருங்கள், தேவதானத்துக்கு ஃபைபர் இழுத்துவரும் கேபிள்காரரிடம் சொல்லிப் பாருங்கள். மூன்று இடத்திலும் இந்த ஒரே மருந்துதான் கிடைக்கும். சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் வேலை பார்த்துவிட்டுப் பொங்கலுக்கு ஊர் வரும் பிள்ளைகளும் இதையே சொல்லிவிட்டுப் போகிறார்கள். இந்தக் கருத்து தவறானது. அதைவிட முக்கியம், ஒரு ஊரே இதைப் பின்பற்றினால் ஊருக்கே கேடு. அதனால்தான் இந்த மறுப்பு.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு முதலில் வைத்துவிடுகிறேன். நேற்று இரவு வரை ஒழுங்காக இருந்த ரவுட்டர், விடியற்காலையில் தானாக அப்டேட் ஏற்றிக்கொண்டு ரீஸ்டார்ட் ஆனது. காலையிலிருந்து கேமரா தெரியவில்லை, டிவி நின்று நின்று ஓடுகிறது. இடையில் வீட்டில் யாரும் எதையும் தொடவில்லை. ஆக, மாறியது அப்டேட் ஒன்றுதான். அது கேட்டுக்கொண்டும் வரவில்லை, எதை மாற்றினேன் என்று சொல்லவுமில்லை. கம்பெனிகள் அரைகுறையாகச் சோதித்ததை அனுப்பிவிட்டு மக்கள் வீட்டில் பரீட்சை நடத்துகின்றன. சாதாரணக் குடும்பத்து நெட்டில் புகுந்து யாரும் எதையும் அள்ளிக்கொண்டு போகப்போவதில்லை. கெட்டுப்போனால் ஆள் வர இரண்டு நாள் ஆகும். ஆகவே நன்றாக ஓடுவதை நோண்டாமல் விடுவதே புத்திசாலித்தனம்.

இந்த வாதத்தின் பின்னால் இருக்கும் அனுபவம் பொய்யில்லை. மோசமான அப்டேட்டுகள் வந்திருக்கின்றன. 2023 மே மாதம் ஆசுஸ் நிறுவனத்தின் ரவுட்டர்கள் பல நாடுகளில் ஒரே சமயத்தில் இணைப்பை இழக்கத் தொடங்கின. பாதுகாப்புப் பராமரிப்பின்போது தங்கள் சர்வரின் அமைப்புக் கோப்பில் நேர்ந்த பிழையே காரணம் என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆக, அப்டேட் ஒருபோதும் கெடுக்காது என்று நான் வாதாட வரவில்லை. "கெடுக்கக்கூடும்" என்பதிலிருந்து "நிறுத்திவிடு" என்ற முடிவுக்குத் தாவுகிறார்களே, அந்தத் தாவலைத்தான் மறுக்கிறேன். எட்டு ஆட்சேபங்கள்.

1. பின்னால் நடந்தது என்பதாலேயே அதனால் நடந்தது ஆகிவிடுமா?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நாம் எல்லோரும் அறிவோம், நம் வீட்டு ரவுட்டர் விஷயத்தில் மட்டும் மறந்துவிடுகிறோம். அப்டேட் ஏறும்போது இரண்டு காரியங்கள் சேர்ந்தே நடக்கின்றன. மென்பொருள் மாறுகிறது, பெட்டி ஒருமுறை அணைந்து எரிகிறது. இந்த இரண்டாவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இன்வெர்ட்டர் புண்ணியத்தில் மாதக்கணக்காக அணையாமல் ஓடிய பெட்டி அன்றுதான் முதன்முதலாக ரீஸ்டார்ட் ஆகிறது. எழுந்ததும் எந்தச் சேனலில் உட்காரலாம் என்று புதிதாகத் தேடுகிறது. எந்தக் கருவிக்கு எந்த முகவரி கொடுத்திருந்தோம் என்ற பட்டியலைப் பல மாடல்கள் மறந்துவிடுகின்றன. ஓட்டத்தில் சமாளித்துக்கொண்டிருந்த தளர்ந்த அடாப்டர், புதிதாகக் கிளம்பும் வேளையில் திணறுகிறது. இவை அத்தனையும் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் போய்த் திரும்பும்போதும் நடக்கக்கூடியவை. கரண்ட் போய் வந்ததும் கேமரா தெரியவில்லை என்றால் கரண்ட்டையே வேண்டாம் என்று யாரும் முடிவெடுப்பதில்லையே. அப்டேட்டுக்கு மட்டும் ஏன் அந்த நியாயம் கிடைப்பதில்லை?

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. பெட்டியை அணைத்து, ஒரு நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள். துண்டிப்பின் தன்மை மாறினால், வேறொரு கருவிக்கு நோய் தாவினால், அல்லது அடியோடு நின்றுபோனால், நீங்கள் தேடவேண்டியது ரீஸ்டார்ட்டோடு சம்பந்தப்பட்ட காரணத்தை. இந்தச் சோதனைகூடச் செய்யாமல் சொல்லப்படும் தீர்ப்பு வெறும் சந்தேகம்.

2. எந்தப் பெட்டியின் அப்டேட்டை நிறுத்தச் சொல்கிறீர்கள்?

ஒரு வீட்டில் அப்டேட் ஏறும் இடம் ஒன்று அன்று. சுவரில் ஃபைபர் வந்து சேரும் மோடம் ஒன்று. மாடிக்கும் எட்டவேண்டும் என்று கடையில் வாங்கி மாட்டிய ரவுட்டர் ஒன்று. பிறகு கேமரா, டிவி, போன், ஸ்மார்ட் பல்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மென்பொருள், தனித்தனி அப்டேட். கேமரா தெரியவில்லை என்றால் ரவுட்டர் மாறியிருக்கலாம், கேமராவே மாறியிருக்கலாம், போனில் இருக்கும் அதன் ஆப் மாறியிருக்கலாம். "அப்டேட்தான்" என்று சொல்கிறவரிடம் "எதன் அப்டேட்?" என்று திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் பதில் இருக்காது.

இன்னொன்றும் உண்டு. கனெக்ஷனோடு கம்பெனி கொடுக்கும் ஃபைபர் மோடம் பெரும்பாலும் உங்கள் கட்டுப்பாட்டிலேயே இல்லை. டிஆர்-069 என்ற ஏற்பாட்டின் வழியாகக் கம்பெனி தன் அலுவலகத்திலிருந்தே அதன் அமைப்பை மாற்ற முடியும், ஃபர்ம்வேரை, அதாவது பெட்டியை இயக்கும் உள் மென்பொருளை, ஏற்ற முடியும். அந்தப் பெட்டியில் "ஆட்டோ அப்டேட் ஆஃப்" என்ற பட்டனே பல மாடல்களில் கிடையாது. ஆக, இந்த அறிவுரையைக் கேட்டு வீட்டுக்காரர் எதை நிறுத்துகிறார்? தான் சொந்தக் காசில் வாங்கிய ரவுட்டரையும் கேமராவையும். பிரச்சினை மோடத்தில் இருந்தால் இந்த மருந்து அங்கே போய்ச் சேரவே சேராது.

3. அப்டேட்தான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். மாறியது என்ன?

பெரும்பாலான சமயம் மாறியது ஒரு அமைப்பு. அதைத் திருப்பிவைக்க ஐந்து நிமிடம் போதும். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கடைக்காரர்கள் தாண்டிப் போகிற இடம் இதுதான்.

முதலாவது, பெயர். 2.4 ஜிகாஹெர்ட்ஸுக்கு ஒரு பெயரும் 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு ஒரு பெயருமாக இருந்த வைஃபையை, அப்டேட்டுக்குப் பின் ஒரே பெயராக ரவுட்டர் இணைத்துவிடுவது உண்டு. போனுக்கு அது வசதி. மலிவான ஸ்மார்ட் பல்பு, பிளக், கேமரா ஆகியவற்றில் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். பழைய பெயர் காணாமல் போனதும் அவை அநாதையாகின்றன. மருந்து, பெயரைப் பழையபடி பிரித்துவைப்பது.

இரண்டாவது, பூட்டு. வைஃபையின் புதிய பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3 2018இல் அறிவிக்கப்பட்டது. 2020 ஜூலையிலிருந்து வைஃபை அலையன்ஸ் சான்று பெறும் புதிய கருவிகளுக்கு அது கட்டாயம். அப்டேட் அந்த முறையை இயக்கிவைத்தால், டபிள்யூபிஏ2 மட்டுமே அறிந்த பழைய கருவி உள்ளே வரமுடியாது, வந்தாலும் நிலைக்காது. அதற்காக வீடு முழுவதையும் பழைய பூட்டுக்குத் திருப்ப வேண்டியதில்லை. விருந்தினருக்கான தனி வைஃபை ஒன்றைத் திறந்து, அதில் டபிள்யூபிஏ2 வைத்து, பழைய கருவிகளை அங்கே மாற்றிவிடலாம். அது பாதுகாப்புக்கும் நல்லது; பல்பாலும் கேமராவாலும் பொதுவாக உங்கள் கணினியைப் பார்க்க முடியாது.

மூன்றாவது, முகவரி. கேமராக் காட்சியைப் பதிவுசெய்யும் டிவிஆரை மாட்டியவர் அதற்கு 192.168.1.100 என்று கையால் முகவரி எழுதிவிட்டுப் போயிருப்பார். ரவுட்டரிடம் அதைச் சொல்லியிருக்க மாட்டார். ரீஸ்டார்ட்டுக்குப் பின் ரவுட்டர் அதே எண்ணைப் பேரனின் போனுக்குக் கொடுத்துவிடும். போன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கேமரா தெரியாது, போன் வெளியே போனால் கேமரா தெரியும். இதைப் பேய் பிடித்த கேமரா என்றே சொல்வார்கள். ரவுட்டரில் அந்த எண்ணை டிவிஆருக்கென்று ஒதுக்கிவைத்தால் தீர்ந்தது.

நான்காவது, சேனல். இதைத் தேவதானத்திலேயே பார்த்தேன். சித்தப்பா வீட்டு மாட்டுத் தொழுவத்தில் ஒரு கேமரா. அமெரிக்காவிலிருந்து மகன் வாங்கிவந்தது.

"அப்டேட் ஏறுன அன்னியிலருந்து தொழுவம் தெரியல தம்பி. கடையில கேட்டேன், அப்டேட்டை நிப்பாட்டச் சொல்றான்."

"கேமரா மட்டும்தானா சித்தப்பா? போன், டிவி எல்லாம்?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

அந்த ஒரு பதிலிலேயே பாதி வேலை முடிந்தது. ஃபைபர் நன்றாக இருக்கிறது, ரவுட்டர் நன்றாக இருக்கிறது, தகராறு கேமராவுக்கும் ரவுட்டருக்கும் நடுவில்தான். ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தால், 2.4இன் சேனல் "ஆட்டோ" என்று மாறியிருந்தது. அது போய் 13இல் உட்கார்ந்திருந்தது. இந்தியாவில் 1 முதல் 13 வரை அனுமதி உண்டு. அமெரிக்கச் சந்தைக்குச் செய்த கருவிகள் பொதுவாக 11க்கு மேல் தேடுவதே இல்லை. அந்தக் கேமராவைப் பொறுத்தவரை வீட்டில் வைஃபையே கிடையாது. சேனலை 6 என்று நிலையாக வைத்ததும் தொழுவம் தெரிந்தது. அப்டேட் அப்படியே இருக்கிறது, கேமராவும் இருக்கிறது. கடைக்காரர் சொன்னபடி அப்டேட்டை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஏறிவிட்ட அப்டேட் அதனால் இறங்கப்போவதில்லை. சேனல் 13இலேயே இருந்திருக்கும். கேமராவைத் தூக்கிப் போட்டிருப்பார்கள்.

4. நாடி பார்க்காமல் மருந்து எழுதுவது எந்த ஊர் நியாயம்?

ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் பார்க்க வேண்டியவை இரண்டு. பெட்டி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்ற கணக்கு, நெட் இணைப்பு எவ்வளவு நேரமாக நிற்கிறது என்ற கணக்கு. நெட் கட் ஆனவுடன் இந்த இரண்டையும் பாருங்கள்.

பெட்டி ஓடும் நேரமே சில நிமிடங்கள்தான் என்றால், பெட்டி தானாகவே அணைந்து எரிகிறது. தளர்ந்த அடாப்டர், ஷோகேஸுக்குள் அடைத்துவைத்த சூடு, அல்லது உண்மையிலேயே பழுதான ஃபர்ம்வேர், இந்த மூன்றில் ஒன்று. அதே வோல்ட், அதே ஆம்பியர் உள்ள வேறு அடாப்டரை மாட்டினால் முதலாவது தெரிந்துவிடும். வெளியே எடுத்துக் காற்றோட்டமாக வைத்தால் இரண்டாவது தெரிந்துவிடும். இரண்டும் இல்லை என்று ஆன பிறகு ஃபர்ம்வேர் மீது கை வையுங்கள். அப்போது அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இருக்கும்.

பெட்டி நாள்கணக்கில் ஓடுகிறது, நெட் இணைப்பு மட்டும் சில நிமிடங்கள் என்று காட்டினால், கோளாறு பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே. ஃபைபர் மோடத்தின் பக்கத்தில் வந்துசேரும் ஒளியின் அளவு இருக்கும். மைனஸ் 20 அல்லது 22 டிபிஎம் என்றால் நல்லது. மைனஸ் 27ஐ நெருங்கினால் விளிம்பில் நிற்கிறது என்று பொருள். நம் பகுதியில் இது சாதாரணமாக நடப்பது. ஆடிக் காற்றில் மின்கம்பத்துக்கும் தென்னைக்கும் நடுவே ஊஞ்சலாடுகிற ஒயர், அணில் கடித்த இடம், ஜன்னல் சட்டத்தில் மடக்கி அடித்த வளைவு, சரியாகப் பிணைக்காத இணைப்பு. காற்று அடிக்கும் நேரத்தில் சிவப்பு விளக்கு எரிந்து அணைகிறதென்றால் எந்த அப்டேட்டும் அதற்குக் காரணம் ஆகாது. அந்த டிபிஎம் எண்ணை எழுதிவைத்துக் கேபிள்காரரிடம் சொல்லுங்கள். "நெட் சரியில்லை" என்ற புகாரைத் தள்ளிப்போடுகிற ஆளால் "மைனஸ் 28 காட்டுது" என்ற புகாரை அவ்வளவு எளிதில் தள்ளிப்போட முடியாது.

இரண்டு நேரமும் நாள்கணக்கில் இருக்க, ஒரே ஒரு கருவி மட்டும் விழுகிறதென்றால், மூன்றாவது ஆட்சேபத்தில் சொன்ன நான்கு அமைப்புகளுக்குப் போங்கள்.

இவ்வளவுதான் நாடி. இதற்குப் பட்டப்படிப்பு வேண்டாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளை பார்த்துச் சொல்லும். இதைப் பார்க்காமல் "அப்டேட்டை ஆஃப் பண்ணுங்க" என்கிறவர் நோயாளியின் கையைத் தொடாமலே மாத்திரை கொடுக்கிறார்.

5. அப்டேட்டை வெறுப்பவர்கள் ரீசெட்டை மட்டும் ஏன் இவ்வளவு நேசிக்கிறார்கள்?

இந்தக் கருத்தோடு கூடவே பிறந்த இரட்டை ஒன்று உண்டு. "அப்டேட்டை நிறுத்து, ஊசியால் குத்தி ரீசெட் பண்ணு." பின்பக்கத்துச் சிறு துளையில் ஊசியை வைத்துப் பத்து விநாடி அழுத்தினால், அப்டேட் கழன்று பழைய பதிப்பு வந்துவிடும் என்று நம்புகிறார்கள். வராது. பெரும்பாலான பெட்டிகளில் புதிய ஃபர்ம்வேர் அப்படியே இருக்கும். நீங்கள் வைத்த அமைப்புகள்தான் அழியும். பிஎஸ்என்எல் ஃபைபர் போலப் பிபிபிஓஇ முறையில் இயங்கும் கனெக்ஷன்களில் பயனர் பெயர், கடவுச்சொல், விஎல்ஏஎன் எண் மூன்றும் பெட்டிக்குள் இருக்க வேண்டும். ரீசெட்டில் அவை போய்விட்டால், விட்டு விட்டு வந்த நெட் அடியோடு நின்றுவிடும். வைஃபையின் கடவுச்சொல் மறுபடி தொழிற்சாலைச் சொல்லுக்குப் போகும். பெட்டியின் நிர்வாகக் கடவுச்சொல்லும் அப்படித்தான்; பல பெட்டிகளில் அது "அட்மின்".

ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. முன்னது நூறு முறை செய்தாலும் நஷ்டமில்லை. பின்னதுக்கும் இடமுண்டு, பெரிய பதிப்பு மாற்றத்துக்குப் பின் பழைய அமைப்புகள் புதியதோடு முரண்படும்போது அதுவே சரியான வழி. அதற்கு முன்னால் அமைப்பை பேக்கப் எடுத்து, அந்த மூன்று விவரங்களையும் காகிதத்தில் எழுதிவைத்திருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் ஊசியை மட்டும் கையில் கொடுப்பது பொறுப்பற்ற வேலை.

6. "என் வீட்டில் என்ன இருக்கிறது?"

இந்த வாதம் திருடனின் நோக்கத்தைத் தவறாகப் புரிந்துகொள்கிறது. அவனுக்கு வேண்டியது உங்கள் வீட்டுப் படங்கள் அல்ல; எந்நேரமும் விழித்திருக்கிற ஒரு கணினியும், உங்கள் பெயரில் பதிவான ஒரு இணைய முகவரியும். ரவுட்டர் இரண்டையும் தருகிறது. 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் டிவிஆர்களையும் ரவுட்டர்களையும் படையாகத் திரட்டியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் டைன் நிறுவனத்தின் மீது அந்தப் படை பாய்ந்ததில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் பலருக்கும் கிடைக்காமல் போயின. தாக்கிய கருவிகளின் சொந்தக்காரர்கள் யாரும் ஹேக்கர்கள் இல்லை, "என் வீட்டில் என்ன இருக்கிறது" என்று நினைத்திருந்த குடும்பத்தார்.

பணமும் போகும். 2018இல் லட்சத்துக்கும் மேற்பட்ட ரவுட்டர்களில், பெரும்பாலும் பிரேசிலில் இருந்தவற்றில், தளத்தின் பெயருக்கு உரிய முகவரியைத் தேடித்தரும் டிஎன்எஸ் அமைப்பு மாற்றப்பட்டிருந்தது தெரியவந்தது. வங்கியின் முகவரியைச் சரியாகத் தட்டச்சு செய்தவர்களும் போலி வங்கிப் பக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அதே ஆண்டு விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளில் புகுந்திருப்பதாகச் சிஸ்கோவின் ஆய்வுக்குழு அறிவித்தது. வீட்டு ரவுட்டர்களை ரீஸ்டார்ட் செய்யும்படி அமெரிக்காவின் எஃப்பிஐ பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது.

கடவுச்சொல்லை மாற்றிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 2017 அக்டோபரில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர் மத்தி வான்ஹூஃப் வெளியிட்ட கிராக் என்ற ஓட்டை, டபிள்யூபிஏ2 முறையின் வடிவமைப்பிலேயே இருந்தது. கடவுச்சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அது அடைபடாது. அடைக்க ஒரே வழி, போனுக்கும் ரவுட்டருக்கும் அப்டேட். அதற்கு முன்பே அப்டேட்டை நிறுத்தியவர் வீட்டுப் பழைய கருவிகளில் அந்த ஓட்டை இன்றும் திறந்தே இருக்கிறது.

7. அப்டேட் போடாத பெட்டி கட் ஆகாது என்று யார் சொன்னது?

எதிர்த்தரப்பின் அஸ்திவாரமே இந்த நம்பிக்கைதான்: தொடாமல் விட்டால் அப்படியே ஓடும். இது உண்மையில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்களைப் பிரிக்கர்பாட் என்ற தீநிரல் தாக்கியது. ஏறத்தாழ 60,000 மோடம்கள் பாதிக்கப்பட்டதாக அப்போது செய்திகள் வந்தன. தொழிற்சாலையில் வைத்த "அட்மின்" என்ற கடவுச்சொல் அப்படியே இருந்த மோடம்கள்தான் முதல் பலி. வாடிக்கையாளர்கள் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி நிறுவனம் கேட்டுக்கொண்டது. யாரும் நோண்டாத பெட்டிகள் அவை. நோண்டாததே அவற்றுக்கு வினையானது.

அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில் ஜெர்மனியின் டாய்ச்சே டெலிகாம் வாடிக்கையாளர்களில் 9 லட்சம் பேரின் இணைப்பு விழுந்தது. மிராயின் ஒரு வகை, தொலைவிலிருந்து மோடத்தைப் பராமரிக்கும் 7547 என்ற வாசல் வழியாக நுழையப் பார்த்ததில் பெட்டிகள் செயலிழந்தன. அந்தத் துண்டிப்பை எது சரிசெய்தது? ஃபர்ம்வேர் அப்டேட். நம்மூரில் நோய் என்று சொல்லப்படுவதே அங்கே மருந்தாக இருந்தது.

தாக்குதலே இல்லாமலும் பழைய பெட்டி விழும். இணையத்தில் ஒரு கருவி தன் சர்வரை நம்புவதற்குச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்குக் காலாவதித் தேதி உண்டு. லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பின் சான்றிதழ்கள் பல ஆண்டுகள் சார்ந்திருந்த ஒரு மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. புதிய மூலச் சான்றிதழை அப்டேட் வழியாகப் பெறாத பல பழைய கருவிகள் அன்றோடு பல தளங்களுடன் பேச முடியாமல் போயின. அவற்றில் எதுவும் மாறவில்லை. மாறாமல் இருந்ததே துண்டிப்புக்குக் காரணம். அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் என்று வெவ்வேறு சான்றிதழ்கள் காலாவதியாகிக்கொண்டேதான் இருக்கும்.

8. இந்தக் கருத்தால் லாபம் யாருக்கு?

இதுதான் என் கடைசி ஆட்சேபம், எனக்கு முதன்மையானதும் இதுவே. அப்டேட்டை அணைத்துவிட்டு அமைதியாகும் வாடிக்கையாளர், மோசமான அப்டேட்டை அனுப்பிய கம்பெனிக்குக் கிடைக்கும் மிகப்பெரிய பரிசு. அவர் புகார் எழுதமாட்டார். எதை மாற்றினாய் என்று கேட்கமாட்டார். பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியைத் திறந்துவை என்று வற்புறுத்தமாட்டார். நாளைக்கு அந்தப் பெட்டியில் திருடன் புகுந்தால், "நாங்கள் அப்டேட் அனுப்பினோம், அவர் ஏற்றவில்லை" என்று கம்பெனி கையைக் கழுவிக்கொள்ளும். கெட்டுப்போன ஒயரை மாற்றாத கேபிள்காரருக்கும் இதே கருத்து கேடயம். பழி கண்ணுக்குத் தெரியாத அப்டேட் மேல் விழுந்துவிட்டால், கண்ணெதிரே தொங்கும் ஒயரை யார் பார்ப்பார்கள்?

வாடிக்கையாளர் கேட்க வேண்டியவை தெளிவானவை. அப்டேட்டில் என்ன மாறியது என்பது புரிகிற மொழியில், நமக்குத் தமிழில், வரவேண்டும். எந்த நேரத்தில் ஏறவேண்டும் என்பதை வீட்டுக்காரர் தீர்மானிக்க வழி வேண்டும். கெட்டால் முந்தைய பதிப்புக்குத் திரும்ப வழி வேண்டும். இந்தப் பெட்டிக்கு எத்தனை வருஷம் அப்டேட் தருவாய் என்பது அட்டைப்பெட்டியின் மேலேயே அச்சாக வேண்டும். இவை பேராசைகள் அல்ல. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அமலுக்கு வந்த சட்டப்படி, எளிதில் ஊகிக்கக்கூடிய தொழிற்சாலைக் கடவுச்சொல்லோடு இணையக் கருவிகளை விற்கக்கூடாது. பாதுகாப்பு அப்டேட் எவ்வளவு காலம் வரும் என்பதை விற்கும்போதே சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் உறுதிச் சட்டம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரிலிருந்து பொருந்தும், பொதுவாகக் குறைந்தது 5 ஆண்டுகள் ஆதரவு தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அங்கே விற்கிற கம்பெனிகள் பலவும் இங்கேயும் விற்கின்றன. அந்த மக்களுக்குக் கிடைக்கும் வாக்குறுதி ராஜபாளையத்தில் காசு கொடுத்து வாங்குகிறவருக்கு ஏன் கிடைக்கக்கூடாது? அப்டேட் வேண்டாம் என்று சொல்கிற கூட்டத்தால் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. ஒழுங்கான அப்டேட் வேண்டும் என்கிறவர்கள்தான் கேட்க முடியும்.

ஆகவே, நெட் கட் ஆகிறதா? ரீஸ்டார்ட் செய்யுங்கள். எல்லாக் கருவியும் விழுகிறதா, ஒன்று மட்டுமா என்று பாருங்கள். பெட்டியின் நேரத்தையும் இணைப்பின் நேரத்தையும் பாருங்கள். எல்லாம் விழுந்தால் அடாப்டரையும் ஒளியின் அளவையும் சோதியுங்கள். ஒன்று மட்டும் விழுந்தால் பெயர், பூட்டு, முகவரி, சேனல் ஆகிய நான்கையும் சோதியுங்கள். இத்தனைக்குப் பிறகும் ஃபர்ம்வேர்தான் குற்றவாளி என்று தெரிந்தால், பதிப்பின் எண்ணைக் குறித்துக் கம்பெனிக்குப் புகார் எழுதுங்கள். தயாரிப்பாளர் அனுமதித்தால் முந்தைய பதிப்புக்குத் திரும்பி, சரியான பதிப்பு வரும் வரை அங்கே இருங்கள். வந்ததும் ஏற்றுங்கள். அப்டேட்டே நின்றுபோன பழைய பெட்டி என்றால் அதன் ஆயுள் முடிந்தது. மாற்றுவதற்குக் காசு ஒதுக்குங்கள்.

கடைக்காரர்களுக்கும் கேபிள்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் சொல்லை ஊர் நம்புகிறது; இந்த வட்டாரத்தில் ஒரு குடும்பத்தின் நெட்டை எப்படி வைத்துக்கொள்வது என்பதை முடிவுசெய்வது நீங்கள்தான். அடுத்த முறை ஒருவர் "அப்டேட் போட்டதிலிருந்து கட் ஆகுது" என்று வந்து நின்றால், அந்த இரண்டு கணக்குகளையும் திறந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள். பார்த்த பிறகும் அப்டேட்தான் காரணம் என்று நீங்கள் சொன்னால், உங்களோடு சேர்ந்து அந்தக் கம்பெனிக்குப் புகார் எழுத நான் தயார்.